அரை ஏக்கர் நீங்கலாக

டெல்ஃபியா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் அம்மாவின் அண்ணன் கிளெல் மாமா வாயிலிருந்து. ஓடையில் வெள்ளம் போன ஒரு மார்ச் மாதம். சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வந்து நின்று, "நம்ம ஹோபார்ட் ஒரு பொண்ணைப் பார்த்து வெச்சிருக்கான். டெல்ஃபியாவாம். இவ்வளவு தண்ணியில லாரியை ரிவர்ஸ்லயே ஓட்டிக்கிட்டு ஓடையைத் தாண்டிட்டா. முன்னாடி ஓட்டவே நான் நூறு தரம் யோசிப்பேன்" என்றார்.

அம்மா சோளரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "வரட்டும் அண்ணே. நம்ம குடும்பத்துல வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருக்கட்டும்" என்றாள்.

ஹோபார்ட் கிளெல் மாமாவின் ஒரே மகன். சுரங்கத்தில் வேலை பார்த்தான். டெல்ஃபியா அவனைக் கட்டிக்கொண்டு, ஓடை ஆற்றில் சேரும் முகத்தில் இருந்த வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷமே பள்ளிப் பேருந்து ஓட்டப் போனவள், முப்பத்தொரு வருஷம் ஓட்டினாள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில், "எல்லாரும் இறங்கியாச்சு" என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். எழுந்து பின் சீட்டு வரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவாள். ஒரு பனிக்காலத்தில் அப்படிப் பார்த்தபோது கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ரேனெல். இந்தக் கதையில் அவள் பிறகும் வருகிறாள்.

ஹோபார்ட்டுக்கு நிலக்கரித் தூசியால் நுரையீரல் போயிற்று. இலை உதிர்கிற வரை இருப்பான் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை மலை மேல அப்பா அம்மா பக்கத்துல வை, டெல்ஃபி. டவுன்ல மிஷின் வெச்சுப் புல்லு வெட்டுற மயானத்துல கொண்டுபோய்ப் போட்டுடாதே. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்த மேட்டில்தான் கிடக்கிறார்கள். ஆனால் மலை எங்கள் கையை விட்டுப் போய் எவ்வளவோ காலம். பல கை மாறி, கடைசியாகப் பக்கத்து மாநிலமான ஒஹையோவிலிருந்து வந்த டிராஸ்க் என்பவர் வாங்கியிருந்தார். மருந்துக்கு நல்ல விலை போகும் ஜின்செங் வேரை யாரோ மலையிலிருந்து தோண்டித் திருடிப் போனதால் ஓடையோரம் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். மே மாதம் கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கப் போன நாங்களும் கதவுக்கு வெளியிலேயே கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

டெல்ஃபியா அவரிடம் போய்க் கேட்டாள். மனிதர் மரியாதையானவர்தான்.

"உங்களுக்கு மட்டும் திறந்தா நாளைக்கு ஊரே வரும்மா. உங்களுக்கு உரிமை இருக்குன்னு ஒரு காகிதம் காட்டுங்க. நானே திறந்து விடறேன்."

காகிதத்துக்கு கவுண்டி ஆபீசுக்குத்தான், அதாவது மாவட்டப் பதிவு ஆபீசுக்குத்தான் போக வேண்டும். அங்கே பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது ரேனெல்.

"அந்த மலையோட தாய்ப்பத்திரமா? அது எரிஞ்சு போச்சுக்கா. தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல ஆபீசே எரிஞ்சதே."

இது எங்கள் கவுண்டியில் எல்லாரும் கேட்ட பதில். கல்யாணப் பதிவு, உயில், எல்லைத் தகராறு, எதைக் கேட்டாலும் எரிந்து போச்சு. ரேனெலுக்கு முன்னால் இருந்தவர் சொன்னார், அவருக்கு முன்னால் இருந்தவரும் சொன்னார். கேட்டவர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

டெல்ஃபியா போகவில்லை.

"எரிஞ்சதை யாரு பார்த்தது?"

"எல்லாரும் சொல்றதுதானேக்கா."

"சரி. பொது ஆவணம் கேக்குறதுக்கு ஒரு மனு இருக்காமே, அதைக் குடு. எழுதித் தர்றேன். எரிஞ்சு போச்சு, இந்த ஆபீசுல இல்லைன்னு நீயும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. போயிடறேன்."

ரேனெல் மனுவை வாங்கினாள். பதில் எழுதப் பேனாவை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"பார்க்காம எப்படிக்கா கையெழுத்துப் போடறது?"

"அன்னிக்கு பஸ்ஸுல எல்லாரும் இறங்கியாச்சுன்னுதான் சொன்னாங்க, ரேனெல்."

ரேனெல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பதிவுப் புத்தகங்கள் இருக்கும், இரும்புக் கதவு போட்ட அறைக்குள் இரண்டு பேரும் போனார்கள். கிழக்குச் சுவர்ப் புத்தகங்கள் கரிந்து போனது உண்மைதான், பத்தொன்பதாம் புத்தகம் வரை. இருபதாம் புத்தகத்தைத் திறந்தால் முதல் நூறு பக்கமும் பழைய பத்திரங்கள். தீ விபத்துக்குப் பிறகு, அவரவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் மூலப்பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், மறுபடி பதிந்து தருகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மலையை வாங்கினவர்களும் கொண்டு வந்து பதிந்திருக்கலாம்.

ஆனால் பெயர்ப்பட்டியல் விற்றவர் பெயரில்தான் இருக்கும். ஹோபார்ட்டின் தாத்தா லோகன் ஸ்காக்ஸ். அந்தப் பெயரில் இல்லை. லோகன் தாத்தா ஆற்றில் மரம் மிதக்க விடும்போது மூழ்கிச் செத்தார். அப்புறம் அவர் மனைவி செரில்டா பாட்டி கட்டிக்கொண்ட ஐசம் நோவின் பெயரிலும் இல்லை. மூன்று நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் டெல்ஃபியா ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்தாள். ஹோபார்ட்டின் அத்தை மகள் என்பதால் அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும்.

"அக்கா, லோகன் தாத்தாவுக்கும் ஐசம் தாத்தாவுக்கும் நடுவுல சில வருஷம் காணோமே. பாட்டி தனியாவா இருந்தாங்க?"

நான் பீன்ஸைக் காயப்போட நூலில் கோத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் குத்தி வைத்தேன்.

"நடுவுல ஒருத்தன் இருந்தான். அந்தப் பேரைச் சொன்னா எங்க அம்மா சோறு போட மாட்டா."

"இப்ப நீங்க சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"அப்ப சொல்லுங்க."

"டூலி போலிங். ரெண்டு வருஷம் இருந்தான். மலையைக் குடிக்கு வித்துட்டு ஓடிப் போயிட்டான்."

பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது: போலிங், டூலி, மற்றும் மனைவி. இருபதாம் புத்தகம், அறுபத்துநாலாம் பக்கம். டெல்ஃபியா அதைப் போனிலேயே எனக்கு வாசித்தாள். ஓக் மரத்திலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து ஓடைக்கு என்று எல்லையெல்லாம் சொல்லி முடித்தபின் இப்படி வந்தது: "மேற்படி மலையில், என் மனைவியின் முதல் கணவரும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் அடக்கமாகியுள்ள மேட்டு நிலம் அரை ஏக்கரும், ஓடையிலிருந்து அங்கே வண்டி போகும் அகலத்தில் பாதையும் என்றைக்கும் நீங்கலாக." கீழே பாட்டி கையெழுத்து. பக்கத்தில் டூலி போலிங்கின் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். தனக்கு முன்னால் இருந்தவனின் கல்லறைக்கு வழி விட்டுத்தான் குறி போட்டிருக்கிறான். நாங்கள் அவன் பெயரைக் கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

ரேனெல் நகலெடுத்து கென்டக்கி மாநில முத்திரை அழுத்திக் கொடுத்தாள். டிராஸ்க் கதவருகே நின்று அதை இரண்டு தரம் படித்தார்.

"வண்டி போகும் அகலம்னு போட்டிருக்கே. எவ்வளவும்மா அது?"

"பயப்படாதீங்க, பஸ் கொண்டுவர மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

ஹோபார்ட்டிடம் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"டூலியா? அந்த ஆளா?" என்றான். மூச்சு சீரானதும், "அவனை எங்க புதைச்சாங்க?" என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

அக்டோபரில், இலைகள் பாதி விழுந்திருந்தபோது, ஹோபார்ட் போனான். சவ வண்டி ஓடையைத் தாண்டி, கதவைத் தாண்டி, மேடு வரை போயிற்று. டிராஸ்க் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவருகிலேயே நின்றார்.

அதற்கப்புறம் டெல்ஃபியா பக்கத்து கவுண்டிகள் ஒவ்வொன்றுக்கும் டூலி போலிங்கின் இறப்புப் பதிவு கேட்டு மனு போட்டாள். அப்படி ஒரு பதிவு இல்லை என்று ஆறு கவுண்டிகளிலிருந்தும் பதில் வந்தது, கையெழுத்தோடு. கையெழுத்து இருந்ததால் ஒத்துக்கொண்டாள். மே மாதம் நாங்கள் மேட்டுக்குப் போகும்போது லோகன் தாத்தா கல்லுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு கொத்துப் பூ வைக்கிறாள். எங்கள் அம்மா இருந்திருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும்.

டெல்ஃபியாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. அதே ஓடை முகத்து வீட்டில்தான் இருக்கிறாள். சாவி அவள் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.