குற்றால ஓடையில் இறங்கிய வேற்றுக்கிரகவாசி

சாரல் காலத்தில் எல்லோரும் தலையைத் துவட்டுவார்கள். பழைய வீடியோ கேசட்டுகளை இணையத்தில் ஏற்றும் நாங்கள் கேசட்டில் படிந்த பூஞ்சையைத் துடைப்போம். அதிலும் நான் சேர்ப்பது, என் சின்ன வயதில் டிவியில் வந்த ஒரு விண்வெளித் தொடரின் மிச்சங்களை. வேற்றுக்கிரகக் காட்சிகளெல்லாம் குற்றாலத்தில் எடுத்தவை. எடுத்தவர்களிடமே பிரதி இல்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தலைக்கவசம்

கீழப்பாவூரில் ஒரு வீட்டில் அந்தத் தொடரின் வெள்ளித் தலைக்கவசம் இருப்பதாகக் கேள்விப்பட்டு தென்காசியில் இருக்கும் என் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். இருந்தது, அடுக்களையில், உள்ளே புளியோடு. நான் கெஞ்சியதும் வீட்டுக்கார அக்கா புளியைச் சுளகில் தட்டிவிட்டு, கழுவித் துடைத்து நீட்டினார். எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். அதன் அருமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி தம்பி, எடுத்து முடிச்சாச்சுன்னா தாங்க. புளி காத்தாடக் கெடக்குல்லா."

அண்ணாச்சியின் வழக்கு

கடைசிப் பகுதி மட்டும் கிடைக்கவே இல்லை. தேடுவதாக இணையத்தில் போட்டேன். கேசட்டுக்குப் பதில் பண்பொழியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். நெல் விவசாயி. வாலிபத்தில் அந்தப் பகுதியில் வேற்றுக்கிரகவாசியாக நடித்தாராம். ஒளிபரப்பான அன்று ஊரில் கரண்ட் இல்லை. அதிலிருந்து வீட்டில் ஒருவரும் அவரை நம்புவதில்லை. 'நடிகர்' என்றே கேலி. கிடைத்ததா என்று அடிக்கடி வந்து கேட்பார். போகும்போது ஒருநாள் சொன்னார்: "ஏலே, உலகத்துக்கு அப்புறமாக் காட்டு. மொதல்ல என் வீட்டுக்காரிக்குக் காட்டணும்."

ஓடைக் காட்சி

செங்கோட்டையில் ஒருவர் பரண் ஒழிக்கையில் அந்தக் கேசட் அகப்பட்டது. துடைத்து ஓட்டினேன். படம் வந்ததும் கடையிலேயே குதித்தேன். அண்ணாச்சியை மனைவியோடு வரச் சொன்னேன். திரையில் வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளி உடை, முகமூடி. அண்ணாச்சிக்கே அதில் தான் யார் என்று தெரியவில்லை. அவர் மனைவி, எனக்கு மதினி முறை, உதட்டைப் பிதுக்கினார். அண்ணாச்சி முகம் வாடியதும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

அடுத்த காட்சியில் கூட்டம் ஓடையில் இறங்கியது. மற்றவர்கள் விறைப்பாக நடக்க, ஒருவர் மட்டும் தண்ணீர் ஓரம் நின்று, குனிந்து, இல்லாத வேட்டியை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கடந்தார். மதினி அதைத் திரும்பப் போடச் சொன்னார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கணவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "இவியளேதான். பேன்ட்டு போட்டும் வயல்ல எறங்குத மாதிரில்லா எறங்குதாவ."

இப்போது இணையத்தில் நடிகர் பட்டியலில் அண்ணாச்சி பெயரும் ஏறிவிட்டது. ஆதாரம் கேட்பவர்களை மதினியிடம் அனுப்பிவிடுகிறேன்.