நான் வெட்டிய மூதூர்ப் பாட்டு

நேற்று, நவம்பர் பதினேழு, காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். வாடைக்காற்று, மெல்லிய தூறல். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை இப்போது நடத்தும் ரீச்சர் தொலைபேசியில் வந்தார்.

"அங்கிள், வாற மாசம் நத்தார்ப் பண்டிகைக் கச்சேரிக்குப் பாட்டுகளை நீங்களே தெரிஞ்சு தாங்கோ. பழைய ஆக்களில நீங்கள்தானே மிச்சம். நேரத்தைப் பற்றி யோசியாதேங்கோ."

நேரத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. படியேறும்போதும் எண்ணுகிறவன் நான். எங்கள் வீட்டில் பதினொரு படி. ஒருநாள் பன்னிரண்டு வந்துவிட்டது. இறங்கி மறுபடி ஏறினேன். நீங்கள் சிரிக்கலாம்.

அலுமாரியிலிருந்து பழைய பாட்டுக் கொப்பிகளை எடுத்தேன். பூச்சி உருண்டை வாசம்தான் வந்தது. என் மூக்கு தேடியது டீசலை. டீசலும் மல்லிகையும் கலந்த வாசம். மூதூர்ப் பெண்கள் ஐந்து பேர் ஒத்திகைக்கு வரும்போது மண்டபத்துக்குள் முதலில் நுழைவது அதுதான். அப்போது மூதூருக்குப் பாலம் இல்லை. கடற்குடாவின் அக்கரையிலிருந்து மோட்டார் லாஞ்சுப் படகில் வருவார்கள். ஐந்து மணிக் கடைசி லாஞ்சில் திரும்புவார்கள். குழுவில் தாழ்ந்த பெண்குரல் என்று இருந்தது அவர்கள் மட்டும்தான்.

நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை எண்ணும் எழுதுவினைஞன். எண்ணத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காகக் கச்சேரிப் பட்டியலை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். நாலு மணிக்குத் தொடங்கி நாலே முக்காலுக்கு முடிக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டையும் கடிகாரம் வைத்து அளந்தேன். மூன்று நிமிடம் கூடிவிட்டது. கடைசிப் பாட்டு நான் மெட்டமைத்தது. ஆறு நிமிடம் நாற்பது விநாடி. அதில் கைவைக்கலாம் என்று ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. மூதூர்ப் பெண்கள் தனியாகப் பாடும் பாட்டை வெட்டினேன். மூன்று நிமிடம் பத்து விநாடி. அவர்களே கட்டிய பாட்டு. எந்தக் கொப்பியிலும் இல்லை.

ஐவரில் மூத்தவர் திரேசக்கா. பட்டியலை இரண்டு தரம் பார்த்தார்.

"எங்கட பாட்டைக் காணேல்ல, தம்பி."

"லாஞ்சுக்கு நேரம் பத்தாது அக்கா."

"லாஞ்சில போறது நாங்கள். நீர் ஏன் அந்தரப்படுறீர்?"

மற்ற நால்வரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டியலை மாற்றவில்லை.

கைதட்டலை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பது கச்சேரியன்றுதான் தெரிந்தது. சனம் அன்று தாராளமாகத் தட்டியது. பங்குச் சுவாமியின் உரைக்கு ஐந்து நிமிடம் போட்டிருந்தேன். அவர் பதினான்கு எடுத்தார். என் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இறங்குதுறையில் லாஞ்சு ஊதியது. திரேசக்கா கொப்பியை மூடினார். செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஐவரும் வரிசையாக வெளியேறினார்கள். மிச்சத்தை நாங்கள் பாடி முடித்தோம். அதற்குக் கைதட்டல் நான்கு விநாடி.

அந்த லாஞ்சில் போன மீன் வியாபாரி ஒருவர் மறுநாள் என்னைத் துறைமுகத்தில் பிடித்தார். "நல்ல பாட்டை லாஞ்சிலயெல்லோ பாடினவை. நீங்கள் கேக்கேல்லையோ, ஐயா?"

அடுத்த ஒத்திகைக்கு அவர்கள் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. பிறகு சண்டை வந்தது, லாஞ்சு நின்றது, பாலம் வந்தது. போகாமலிருக்க ஒவ்வொரு காலத்திலும் எனக்கொரு காரணம் கிடைத்தது.

நேற்றுப் புதுப் பட்டியலில் முதலாவதாக அந்தப் பாட்டை எழுதினேன். அதன் நீளம் தெரியும், மெட்டுத் தெரியாது. நான்கு பேரை விசாரித்துத் திரேசக்காவின் தொலைபேசி இலக்கத்தைப் பிடித்தேன்.

"ஆர், கணக்குத் தம்பியோ? இன்னும் இருக்கிறீரோ?"

"அந்தப் பாட்டு வேணும் அக்கா. இந்த முறை அதுதான் முதல் பாட்டு."

"மற்ற நாலு பேரும் செத்துப் போச்சினம். எனக்கு என்ர அடிக்குரல் மட்டும்தான் தெரியும்."

"அதையாவது பாடுங்கோ."

"எத்தினை நிமிசம் தருவீர்?"

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அவரே தொடங்கினார். இரண்டு அடி பாடி நிறுத்தினார். தொடர்பு அறுந்ததோ என்று "அக்கா, அக்கா" என்றேன்.

"சத்தம் போடாதையும். இது அவையின்ர இடம்."

மற்றவர்கள் பாடும் இடங்கள் வரவர அப்படியே பேசாமல் இருந்து, தன் முறை வந்ததும் சரியாக வந்து சேர்ந்தார். இடையில் மூச்சு மட்டும் கேட்டது. பாட்டில் பாதிக்கு மேல் அந்த மூச்சுத்தான்.

அழைப்பு முடிந்ததும் தொலைபேசித் திரையில் கட்டணக் கணக்கு வந்தது. அவர்கள் இல்லாத இடங்களுக்கும் சேர்த்து, இருபத்திரண்டு ரூபாய்.