இறக்கத்தில் பழகியவர்கள்

என் வாழ்நாளில் நான் ஆரம்பித்து முடித்த காரியங்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் இரண்டு விரல் மிச்சமாகும். மண்டாரின் வகுப்புக்கு நான்கு வாரம் போனேன். ஆர்மோனியம் அலமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. படிக்கிறவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், ஆனால் என்னிடமுள்ள தடித்த நாவல்களில் பாதிக்கு மேல், முக்கால்வாசிப் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியபடி கிடக்கின்றன.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. வயது ஐம்பத்திரண்டு. உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்பதால், எந்தக் கதவைத் தாண்டினாலும் என் வயிறு எனக்கு முன்னால் உள்ளே போய்விடும்.

என் நண்பன் பக்கத்து ஊரான திரிங்காப்பில் சாமந்தி பயிர் போடுகிறவன். தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒருநாள் மோட்டார் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னான்.

"டேய் கிராணி, பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்க்க ஓட்டம் வைக்கிறாங்க. அஞ்சு கிலோமீட்டர். ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"கேட்டா நீ யோசிப்ப. யோசிச்சா ஓடுறதப் பத்தி ஒரு புத்தகம் வாங்குவ. அதையும் பாதியில வச்சிருவ."

நான் புத்தகம் வாங்கினேன். பாதியில் வைத்தேன்.

அவன் அதோடு நிற்கவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைனில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் கங்காணி கேட்டார்: "கிராணி ஓடப் போறாராமே. முடிப்பாரா?" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பேன். பதிலை நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிய முகங்களாக இருந்தன. இந்த ஒன்றையாவது முடித்தே தீர்வது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. என் வீடு மலை உச்சியில், லைனுக்குப் பக்கத்தில். தேயிலைத் தொழிற்சாலை இரண்டரைக் கிலோமீட்டர் கீழே. ஆபீஸ் முடிந்ததும் நண்பன் வந்து மோட்டாரை என் வீட்டில் நிறுத்துவான். இருவரும் தொழிற்சாலை வரை ஓடுவோம். அந்த நேரத்துக்குக் கடைசிக் கொழுந்தை இறக்கிவிட்டு, லோரி காலியாக மேலே திரும்பும். அதில் ஏறிக்கொள்வோம். கொழுந்து வாசமும் குளிர்காற்றும் முகத்தில் அடிக்க, அன்றைய சாதனையைப் பேசிக்கொண்டே வீடு சேர்வோம்.

முதல் நாளே நிற்காமல் ஓடினேன். இரண்டாம் வாரத்தில் மூச்சுகூட வாங்கவில்லை. நான்காம் வாரத்தில், எனக்குள் ஓர் ஓட்டக்காரன் இத்தனை வருடம் வீணாக உட்கார்ந்திருந்தானே என்று எனக்கே வருத்தமாகிவிட்டது. மேனேஜரிடம் நாடித் துடிப்பைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆறாவது வாரம் நண்பன் எனக்காக ஆபீசில் காத்திருந்தபோது, அறிவிப்புப் பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது எப்ப ஒட்டுனது?"

ஓட்டப் பாதையின் வரைபடம். மூன்று வாரத்துக்கு முன்பு வந்தது. நானே முத்திரை குத்தி, நானே நான்கு மூலையிலும் ஊசி குத்தியது. கைக்குக் கிடைக்கிற துண்டுக் காகிதத்தைக்கூடப் படிக்கிற நான், அதை மட்டும் படிக்கவில்லை. தொழிற்சாலையில் புறப்பட்டு, மேலே லைன் வரை ஏறி, அங்கே வைத்திருக்கும் கம்பத்தைத் தொட்டு, அதே சாலையில் கீழே வரவேண்டும். இருபத்தைந்து நிமிடத்துக்குள் கம்பத்தைத் தொடாதவர்களை, பின்னால் வருகிற தோட்டத்து லோரி ஏற்றிக்கொள்ளும்.

"கிராணி, நாம ஆறு வாரமா மேல ஓடவே இல்ல."

"இல்ல."

"ஏறுனது பூரா லோரி."

"ஆமா."

நான் வழக்கமாகக் கைவிடுகிற இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. முழங்கால் வலி என்று சொல்ல வாய் தயாராகவே இருந்தது. பெரட்டில் பார்த்த முகங்கள் ஞாபகம் வந்தன.

"எத்தன நாள் இருக்கு?" என்றேன்.

"மூணு வாரம்." என்னை ஒரு மாதிரி பார்த்தான். "முழங்கால் வலிக்கலயா?"

"வலிக்குது. வா, போலாம்."

அன்று முதல் எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். கடைசிக் கொழுந்து லோரியில் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு கீழே போனோம். லோரி அண்ணன் இருபது வருடமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர். எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் ஏறும்போது வந்தீங்க. இப்ப எறங்கும்போது வர்றீங்க. வீட்ல ஏதும் பிரச்சனையா லா?"

கீழேயிருந்து ஓடத் தொடங்கினோம். சாலை அதே சாலைதான், ஆனால் அதற்கு இப்படி ஒரு முகம் இருப்பதை நான் பார்த்ததேயில்லை. முதல் நாள் வழியிலிருக்கும் தண்ணித்தொட்டி வரைகூடப் போகவில்லை. தொட்டிக்கு ஐம்பது அடி முன்னால் கைகளை முழங்காலில் ஊன்றி, தார் ரோட்டைக் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் லோரி வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுறீங்களா?"

ஏறினோம். மறுநாளும் ஏறினோம். மூன்றாம் நாள் தொட்டியைத் தாண்டி ஏறினோம். எத்தனை தூரம் ஓடினோம் என்பதே எங்களுக்கு அளவாக இல்லை. லோரி எங்கே எங்களைப் பிடித்தது என்பதுதான் அளவு. தொட்டி, பிறகு பதினான்காம் நம்பர் தேயிலை மலை, பிறகு முனியாண்டி கோயில் வளைவு. மழையிலும் ஓடினோம். மூடுபனியில், எனக்கு முன்னால் ஓடுகிறவன் இருக்கிறானா என்பதை அவன் இருமலை வைத்தே தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் வாரம் ஒருநாள், கோயில் வளைவைத் தாண்டியபிறகு லோரி வந்தது. அண்ணன் கண்ணாடியை இறக்கினார்.

"ஏறுறீங்களா?"

எனக்குப் பேச மூச்சில்லை. கையை மட்டும் ஆட்டினேன். அவர் எங்களைக் கடந்து போய், லைன் அருகே எஞ்சினை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடிகாரம் இருபத்தேழு நிமிடம் காட்டியது. இரண்டு நிமிடம் அதிகம். நண்பன் புல்லில் மல்லாந்து படுத்தபடி, "சாமந்திக்கு வெயில் வேணும், எனக்கு ஆக்சிஜன் வேணும்" என்றான்.

ஓட்டத்தன்று காலை, புறப்படும் விசில் கேட்டதுமே பள்ளிப் பிள்ளைகள் மான்போலப் போய்விட்டார்கள். கங்காணியும் அவர் மனைவியும் பதினான்காம் நம்பரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் லோரி முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. வழக்கமாக எங்களை ஏற்றிக்கொண்ட லோரி, வழக்கமான அண்ணன்.

கோயில் வளைவில் நண்பனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓரமாகக் குனிந்துவிட்டான்.

"நீ போ. முடிச்சிட்டு வா."

"வாய மூடு. கால நீட்டு."

நீட்டினான். பாதத்தை மேலே அழுத்திப் பிடித்தேன். அரைப் புத்தகத்தில் படித்த ஒரே உபயோகமான பக்கம் அது. லோரி எங்களுக்குப் பின்னால் நின்றது. அண்ணன் தலையை நீட்டினார்.

"என்னா, ஏறுறீங்களா?"

"ஒங்க லோரிய ஒரு வருசத்துக்குத் தொடமாட்டோம்ணே," என்றான் நண்பன் பல்லைக் கடித்துக்கொண்டு. எழுந்தான். நொண்டினான். அப்புறம் ஓடினான்.

கம்பத்தைத் தொட்டபோது, கடிகாரம் வைத்திருந்த ஆசிரியை இருபத்துநான்கு நிமிடமும் சில வினாடிகளும் என்றார். அந்தச் சில வினாடிகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

திரும்பினோம். இனி இறக்கம். ஆறு வாரம் தப்பாகப் பழகிய பாதை. எந்தக் குழி எங்கே, எந்த வளைவில் சரளை வழுக்கும், எல்லாம் காலுக்கே தெரிந்திருந்தது. எங்களைவிட இளைய இரண்டு பாங்க் ஊழியர்கள் பயந்து பயந்து காலெடுத்து வைக்க, அவர்களை நாங்கள் கடந்தோம். கடந்தோம் என்பதை நான் மறுபடி ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். கங்காணி நாற்காலியிலிருந்து எழுந்து, "கிராணி, முடிச்சிருவீங்க போலயே!" என்று கத்தினார். அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தை மன்னித்தேன்.

தொழிற்சாலை வாசலில் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே பதக்கம்தான். கொஞ்ச நேரத்தில் லோரி வந்து சேர்ந்தது. உள்ளே ஏழு பேர், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல். அவர்கள் இறங்கியதும் அண்ணன் எங்களிடம் வந்தார்.

"மோட்டார் மேலதானே நிக்குது?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

"ஒரு வருசம்னு சொன்னீங்களே," என்றார் அண்ணன்.

"அது ஓட்டத்துக்குண்ணே. இது வீட்டுக்கு," என்ற நண்பன் அதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தான். நான் ஏறக் காலைத் தூக்கினேன், அது வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினார்கள்.