சங்கு கூப்பிட்ட மச்சான்

கோர்ட்டில் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. வெள்ளைச் சட்டையும் தோளில் சிவப்புப் பட்டையுமாக நீதிபதி அம்மாவின் அறை வாசலில் நின்று, எழுத்தர் சொல்லும் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஆள் வத்தல்தான், தொண்டை அப்படியில்லை. அவர் வாயைத் திறந்தால் எதிர்ச்சாரி பழச்சாறுக் கடைக்காரர் கையிலிருக்கும் கிளாசைக் கீழே வைத்துவிடுவார், சிந்திவிடும் என்று. வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் சங்கு.

வீட்டில் சங்கு ஊதாது. அங்கே மனைவி பேசுவாள், அவர் தலையாட்டுவார். அவளே வாயடைத்துப்போவது ஒரே ஓர் ஆளிடம்தான்: அவளுடைய அண்ணன்.

அண்ணன் கோர்ட்டுத் தெருவிலேயே தையல்கடை வைத்திருந்தார். பாதி வக்கீல்களின் கறுப்புக் கோட்டு அவர் கைவேலை. மீதிப் பாதி அவர் கடையில் தைக்கப்படாமல் தொங்கியது. கேட்டால் "நாளைக்கு" என்பார். தையலைவிட அவருக்குப் பிடித்தது பேச்சு, அதிலும் குடிக்கு எதிரான பேச்சு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் உடும்புப்பிடி. மைக் கிடைக்காத வாரம் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். சொட்டுக்கூடக் குடிக்காத சங்கு, குடியின் கேடுகளைக் கைகட்டி உட்கார்ந்து கேட்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் சனி பிடித்தது. கூடப் படித்தவன் ஒருத்தன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். "பீர்தானேடா, பார்லித் தண்ணி" என்று ஊற்றிக்கொடுத்தான். பார்லித் தண்ணி உள்ளே போனதும் தையல்காரருக்கு ஊரைத் திருத்தும் ஆவேசம் வந்துவிட்டது. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பயணிகள் உட்காரும் பெஞ்சின் மேல் ஏறி, மதுவின் தீமைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். பஸ்ஸைத் தவறவிட்டுக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு போலீஸ்காரர்கள் கடைசிவரை கேட்டு, கைதட்டி, அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பக்கத்தில் வந்தபோதுதான் வாடை அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராக நடக்கச் சொன்னார். இவர் டாக்டரின் கோட்டில் தையல் சரியில்லை என்றார். குடித்திருக்கிறார் என்று சர்ட்டிபிகேட் எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்கு வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தவர், முதல் தடவையாகக் குனிந்த தலையோடு வந்தார்.

"மாப்ளே, நாளைக்கு என் பேரைக் கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்க. தெரு பூரா நம்ம கஸ்டமர். வீட்ல உங்க அக்காவுக்கு வேற இன்னும் தெரியாது."

"அதுக்கென்ன மச்சான், காதுல சொல்ற மாதிரி கூப்பிடறேன்" என்றார் சங்கு.

அண்ணன் போனதும் மனைவி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "எங்கண்ணன்தான், இல்லேங்கல. அதுக்காக வேலையில குறை வெச்சிடாதீங்க."

திங்கட்கிழமையில் குடிபோதை வழக்குகளுக்குத்தான் முதல் பந்தி. வாடிக்கைக்காரர்களுக்கு வழி தெரியும். குற்றத்தைப் படிப்பதற்குள் "ஒத்துக்கறேம்மா" என்று கும்பிட்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இல்லை என்று மல்லுக்கு நின்றால்தான் வாய்தா, போலீஸ் சாட்சி, டாக்டர் சாட்சி என்று இழுக்கும்.

மச்சானின் முறை வந்தது. சங்கு கொடுத்த வாக்குப்படி, தூங்குகிற குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். ஆள் வரவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் கூட்டினார். ம்ஹூம். யார் கண்ணிலும் படக்கூடாதென்று மச்சான் பழச்சாறுக் கடையின் உள்மூலையில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

"தொண்டை கட்டிக்கிச்சா? ஆள் வரலேன்னா வாரண்ட் போட்டுடுவேன்" என்றார் நீதிபதி அம்மா.

வாரண்ட் என்றால் மச்சானைப் போலீஸ் பிடித்துவரும். வாக்காவது ஒன்றாவது! மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, மச்சான் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் சேர்த்து ஒரு விடு விட்டார். மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் எழும்பின. தையல்காரர் துண்டை விட்டுவிட்டு, கழுத்தில் இஞ்சு டேப் ஆட, ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடிவந்தார்.

"பொது இடத்தில் குடிபோதையில் இருந்ததா குற்றச்சாட்டு. ஒத்துக்கறீங்களா?"

"அம்மா, நான் குடிக்கு எதிராத்தாம்மா பேசினேன்."

"என்ன பேசினீங்கன்னு இங்க யாரும் கேக்கல. எந்த நிலைமையில பேசினீங்க?"

தையல்காரர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நல்ல நிலைமையிலதாம்மா… ஒத்துக்கறேன்."

நீதிபதி அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

தண்டனை லேசு என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அப்புறம்தான் புரிந்தது. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. "நாளைக்கு" கேட்டுக் கேட்டு அலுத்த வக்கீல்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "என் கோட்டு என்னாச்சு?" "கைக்குட்டையா வெட்டிட்டீங்களா?" என்று குசுகுசுத்தார்கள். குண்டு வக்கீல் ஒருவர் அளவே எடுக்கச் சொன்னார். எடுத்தால் அம்மா முறைப்பார், எடுக்காவிட்டால் இவர் விடமாட்டார். சங்கு வாசலில் நின்றபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் மச்சானைத் தனியே விட மனமில்லாமல் அவர் வீடுவரை கூடப் போனார். வழியெல்லாம் தையல்காரர் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்க அக்காகிட்ட எப்படி மாப்ளே சொல்றது?"

"கோட்டு குடுக்கப் போனேன்னு சொல்லுங்க மச்சான்."

வாசலில் மச்சானின் மனைவி காய்கறிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கத்திரிக்காய்க்கு பேரம் பேசிட்டிருந்தேன். மாமனார் பேரோட சேர்த்து உங்க பேர் மார்க்கெட்டு வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். சங்கு செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"நீங்க எங்க போறீங்க தம்பி? சாட்சி வேண்டாமா? ரெண்டு பேரும் உள்ள வாங்க. இங்க இப்பத்தான் கோர்ட்டு கூடுது."