நாங்கள் உட்காராத நாற்காலிகள்

உக்குவளைப் பக்கம் நான் வேலை செய்யும் கார்மென்ட் பெக்டரியில் சில வருடங்களுக்கு முன் சங்கம் தொடங்கினோம். காரணம் கழிவறை. ஒவ்வொரு தையல் வரிசைக்கும் ஒரே ஒரு டோக்கன். அது ஆணியில் தொங்கினால் போகலாம். இல்லாவிட்டால், எடுத்துப் போனவள் வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். என் பக்கத்து மெஷின்காரி அப்போது பிள்ளைத்தாச்சி. அவள் வேலை நாளில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். கிளினிக்கில் ஏசினார்களாம்.

தலைவியாக என்னைப் போட்டார்கள். வாயே திறக்காதவள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தார்கள்.

நான் தங்கியிருந்த அறையின் வீட்டுக்கார அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"சங்கம் கிங்கமெல்லாம் உங்க தேயிலைத் தோட்டத்தோட வச்சுக்கங்க. பெக்டரிய மூடிட்டாங்கன்னா என் ரூமுக்கு யாரு வருவா?" என்றார்.

மேனேஜரைப் பார்க்க ஐந்து பேர் போனோம். எல்லோரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனோம். நாற்காலிகள் போட்டிருந்தன.

"உட்காருங்க" என்றார்.

மேனேஜர் என்றால் எங்களுக்குத் துரை. துரைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் உட்காருவதில்லை. என் அப்பாவும் தோட்டத்தில் சங்கத் தலைவர்தான். கடைசிவரை ஒப்பீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். நாங்களும் நின்றோம்.

"உட்காருங்களேன்" என்றார் மறுபடியும். நாங்கள் ஓரடி பின்னால் போய் நின்றோம். அவர் முகம் மாறியது. அவரும் எழுந்துவிட்டார். துரை எழுந்ததும் நாங்கள் இன்னும் விறைப்பாக நின்றோம்.

"இப்ப என்ன, ஸ்ட்ரைக்கா?"

நான் நிறையத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "டோக்கன்" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

"சரி, சரி. டோக்கனையே எடுத்துர்றேன். போய் வேலையப் பாருங்க."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஒருத்தி கேட்டாள்: "என்னடி, ஒரு வார்த்தையோட நிறுத்திட்ட?"

"விடுடி, பேசியிருந்தா கெட்டிருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

சாயங்காலம் நான் அறைக்குப் போகுமுன்பே கதை போய்விட்டது. "மேனேஜர் கெஞ்சியும் உட்கார மாட்டேன்னு நின்னியாமே? அடக்கமான பொண்ணுன்னுல்ல ரூம் குடுத்தேன்!" என்றார் அக்கா. அடக்கத்தால்தான் நின்றோம் என்று சொல்ல நினைத்தேன்.

மறுநாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பக்கத்து மெஷின்காரி ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் போய்விட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனாள்.