கோடையில் பார்த்த வீடுகள்

பழைய வீடுகளை விற்றுக் கொடுக்கும் தொழிலில், வீட்டைப் பற்றிக் குறைவாகத் தெரிந்தவருக்குத்தான் வியாபாரம் சீக்கிரம் முடியும். கடலூரிலும் சிதம்பரத்திலும் பல வருடமாக நான் இதைத்தான் செய்கிறேன். "உள்ளது உள்ளபடி" என்று பேசி முடித்துவிட்டால், அப்புறம் கூரை ஒழுகினாலும் குழாய் அடைத்தாலும் விற்றவரைக் கேட்க முடியாது. நீங்களும் அப்படி ஒரு வீடு வாங்கியவராக இருந்தால், முதல் மழையன்று யாரைத் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

புது வெள்ளை

சிதம்பரத்தில் ஒரு வீட்டைப் பார்க்க ஒரு நர்ஸ் அம்மா வந்திருந்தார். வீட்டுக்காரர் கூடவே நடந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். நாலு அறையில் கடைசி அறை மட்டும் பளிச்சென்று இருந்தது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அந்த அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கையிலிருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு அடிச்சதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மா கோபமே இல்லாமல் கேட்டார்: "மத்த மூணு ரூமுக்கும் வராத பொங்கல், இந்த ரூமுக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

ஐப்பசித் தண்ணீர்

திருவந்திபுரம் போகிற வழியில் முருகேசன் என்பவரின் வீட்டை வேலு வாங்கினார். வேலுவுக்குக் கடலோரக் கிராமம், படகு வைத்திருக்கிறார். கடலை விட்டுத் தள்ளி ஒரு வீடு வேண்டும் என்பது அவர் மனைவி அமுதாவின் பல நாள் ஆசை. கோடையில் பார்த்தார்கள், பிடித்தது, வாங்கினார்கள். மழை பெய்தால் வீட்டின் பின்கட்டில் தண்ணீர் ஏறும் என்று முருகேசன் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் வேலு போன் செய்தார். போய்ப் பார்த்தால், பின்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அமுதா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வித்தவர கொஞ்சம் வரச் சொல்லுக்கா" என்றார் வேலு. சண்டைதான் என்று நினைத்தேன். உள்ளது உள்ளபடி பேசிய வீடு. முருகேசன் வரவேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் நான் சொன்னதும், சிதம்பரத்தில் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஒரு சிமென்ட் பலகையைப் புரட்டி, அடியிலிருந்த வடிகாலுக்குள் கையை விட்டுக் குப்பையும் சேறுமாக இழுத்துப் போட்டார். தண்ணீர் மெல்ல வடிய ஆரம்பித்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. "முன்னாடியே சொல்லிருக்கணும். சொன்னா வாங்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

அமுதா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். நனைந்து ஊறிக் கிடந்த அரிசி மூட்டையைப் பார்த்தபடி வேலு சொன்னார்: "கடலே வூட்டுக்குள்ள வந்தத பாத்தவங்க மாமா நாங்க. இதுக்குப் பயந்திருக்க மாட்டோம். சொல்லிருந்தா, அந்த மூட்டையத் தூக்கிக் கட்டில் மேல வெச்சிருப்போம்."

பரங்கிப்பேட்டை போன்

அதற்குப் பிறகு, கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் வாங்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரங்கிப்பேட்டையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். பார்க்க வந்தவர்களிடம் உத்தரத்தில் கரையான் இருப்பதைச் சொன்னேன், கிணறு கோடையில் உப்புக் கரிப்பதையும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சாயங்காலம் துபாயிலிருந்து போன் வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் நிதானமாகத்தான் பேசினார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எனக்கு புரோக்கரா, அவுங்களுக்கு சொந்தக்காரங்களா?"

இப்போதெல்லாம் எனக்கு வியாபாரம் குறைவுதான், ஆனால் அடைமழையில் யார் போன் செய்தாலும் தைரியமாக எடுத்துப் பேசுகிறேன்.