இடது தோளில் வைத்த துவக்கு

போன செவ்வாய்க்கிழமை கண் காட்ட நுவரெலியா போயிருந்தேன்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விடச் சொன்னார். அந்த ஓட்டை வழியாகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். வலது கண்ணை அட்டையால் மறைத்தார் — கடிகாரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மறைத்தார் — கடிகாரத்தைக் காணோம், வெறும் சுவர்!

"ஐயாவுக்குக் கை வலது, கண்ணு இடது. இடது கண்ணுதான் முதல்ல பாக்குது. பிறவியிலேயே அப்படித்தான், பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நல்ல வேளை, ஐயா துவக்குப் பிடிக்கிற வேலைக்குப் போகல."

கூட வந்த மருமகளும் சிரித்தாள். வாய் ஓயாத கிழவன் என்று தலவாக்கலை டவுனில் பெயர் வாங்கியவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படித்துவிட்டுக் கந்தப்பளையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "வாரா வாரம் உங்கள் பெருமையைத்தான் படிக்க வேண்டுமா?" என்று. ஏன் ஐயா, பெருமை இருக்கிறவன் பேசுகிறான்! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன், இன்று டவுன் நடுவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். இரண்டு லொறி ஓடுகிறது. யார் தயவும் இல்லாமல் ஏறி வந்தவன் என்று இந்தப் பத்தியிலேயே எத்தனை முறை எழுதியிருப்பேன்?

அது பொய். இந்த வாரம் அவர் நிம்மதியாகப் படிக்கலாம்.

எழுபத்து நாலாம் வருஷம். நாங்கள் கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். கூப்பன் மாவைக் குறைத்துவிட்டார்கள். பாண் ரொட்டிக்கு விடியும் முன்பே வரிசை. எங்கள் லயத்தில், வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில் ஒரு குழந்தை பசியிலேயே போய்ச் சேர்ந்தது. அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க வெறும் தேயிலைச் சாயத்தண்ணீர்கூட இல்லை.

ஆற்றோரச் சரிவில் மரவள்ளி நட்டிருந்தோம். அதுதான் இருபது குடும்பத்துக்கும் சோறு. அதையும் காட்டுப்பன்றி வந்து கிண்டிவிட்டுப் போனது. குட்டிப் பட்டாளத்தோடு ஒரு தடவை வந்துபோனால் நாலு வீட்டு அடுப்பு அணைந்த மாதிரி.

கடைசியில் தோட்டத்தை நடத்தும் துரை இறங்கி வந்தார். தோட்டத்துத் துவக்கை ஒரு ஆளிடம் கொடுத்து காவலுக்கு வாச்சராகப் போடுவது என்று முடிவானது. டின்பால் டின் மூன்றை அடிக்கட்டை மேல் வைத்து, முப்பது எட்டு வைத்துத் தள்ளி நின்று சுட வேண்டும். அதிகம் விழுத்துகிறவனுக்கு வேலை. பழகிப் பார்க்க ஆளுக்கு ஐந்து தோட்டா. காக்கிக் கோட்டும் உண்டு. எனக்கு அந்தக் கோட்டின் மேல்தான் கண்.

முதல் மூன்று தோட்டாவும் வீண். குறி நேராகத்தான் தெரிந்தது. சன்னம் மட்டும் நாலடி இடது பக்கம் போய் மண்ணைக் கிளப்பியது. ஒவ்வொரு முறையும் அதே நாலடி, அதே இடது!

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சவரிமுத்து. என் மனைவி ரோசம்மாவின் அண்ணன். கவ்வாத்துக்காரன் — தேயிலைச் செடியில் கத்தி எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். அவன்தான் கண்டுபிடித்தான்.

"மச்சான், வலது தோள்ல வச்சிக்கிட்டு எடது கண்ணால பாக்குற. கொழலு ஒரு பக்கம், பார்வ ஒரு பக்கம். ஒண்ணு எடது கண்ண மூடு, இல்லாட்டி எடது தோளுக்கு மாத்து."

இடது கண்ணை மட்டும் தனியாக மூட எனக்கு வராது. மூடினால் இரண்டும் சேர்ந்துதான் மூடும். இன்றைக்கும் அப்படித்தான்.

"துணிய வச்சிக் கட்டிக்க" என்றான்.

"ஒத்தக் கண்ணனாட்டம் தொர முன்னுக்குப் போய் நிக்கவா?"

"அப்ப எடது தோளு."

"பீச்சாங்கையாலயா? லயமே சிரிக்கும்டா."

"சிரிச்சா சிரிக்கட்டும். பன்னியா சிரிக்கப் போகுது?"

நான் கேட்கவில்லை. என் மூளை வேறு வழி கண்டுபிடித்தது. சன்னம் நாலடி இடது பக்கம்தானே போகிறது? டின்னுக்கு நாலடி வலது பக்கம் குறி வைத்தால் தீர்ந்தது! மிச்சம் இருந்த இரண்டு தோட்டாவிலும் சரியாக வந்தது. துரை முன்னால் மூன்று டின்னும் பறந்தன. துரை கை தட்டினார். கணக்கப்பிள்ளை கை தட்டினார். லயமே கை தட்டியது.

சவரிமுத்து தட்டவில்லை. "அது டின்னு மச்சான், அங்கேயே நிக்கும்" என்று மட்டும் சொன்னான்.

கோட்டு எனக்கு. ஒரு மாதம் ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டே பன்றிகளை விரட்டினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஒரு பெரிய ஆண் பன்றி சத்தத்துக்குப் பயப்படாமல் பழகிவிட்டது. அதைச் சுட்டே ஆக வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதமாக நின்றார்கள்.

ஒரு காலை, பெரட்டுக்கு ஆட்கள் கூடும் முன். பனி கலைந்துகொண்டிருந்தது. சவரிமுத்து ஆற்றுப் பக்கமிருந்து பன்றியைக் கலைத்து விரட்டிக்கொண்டு வர வேண்டும். வரும்போது கூவிக்கொண்டே வர வேண்டும். அதுதான் பேச்சு. நான் மேலே பாறையில் நின்றேன். பன்றி சரிவின் கோடியில் வந்து நின்றது. அறுபது எட்டுத் தூரம் இருக்கும்.

சவரிமுத்துவின் கூவல் பன்றிக்கு இடது பக்கமாகக் கேட்டது. கேட்டது — இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பன்றிக்கு வலது பக்கம் தள்ளித்தானே குறி வைக்கிறேன்... இடது பக்கம் வருகிறவனுக்கு என்ன ஆபத்து? தூரம் இரண்டு மடங்கானால் விலகலும் நாலடியிலிருந்து எட்டடியாகி, பன்றியைத் தாண்டிப் போகும். மூன்றாம் வகுப்பில் அந்தக் கணக்கு சொல்லிக் கொடுக்கவில்லை.

விசையை இழுத்தேன். பன்றி ஓடிவிட்டது. கூவல் நின்றுவிட்டது.

கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலோடு எந்த மலையில் நின்று கவ்வாத்து வெட்டுவது?

மூன்றாம் நாள் பொலிஸ் சார்ஜன்ட் கட்டிலருகே வந்து விசாரித்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். சவரிமுத்து சிங்களத்தில் நிதானமாகச் சொன்னான் — நான்தான் கூவாமல் வந்தேன், தப்பு என்னுடையது என்று. சார்ஜன்ட் எழுதிக்கொண்டு போனார்.

"ஏன் மச்சான் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நெசத்தச் சொன்னா துவக்கப் பூட்டி வச்சிருவாங்க. கெழங்க யாரு காக்குறது? எம் புள்ளைக மூணும் அதத்தான் திங்கிதுக." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒனக்காகச் சொன்னேன்னு நெனச்சிக்காத."

ரோசம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கிழங்கை அவித்து என் முன்னால் வைப்பாள். பேச மாட்டாள். தேயிலை இரண்டு தடவை கொழுந்து விட்டு ஓய்ந்த பிறகுதான் அவள் குரலைக் கேட்டேன்.

வெறும் துவக்கை இடது தோளில் வைத்துத் தனியாகப் பழகினேன். முதலில் கைக்குப் பிடிபடவில்லை. குழல் தடுமாறியது. ஆனால் பார்வையும் குழலும் ஒரே கோட்டில் வந்து நின்றன... இத்தனை சுலபமா என்று அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் அதே பன்றி ஒரே தோட்டாவில் விழுந்தது. லயமே பார்த்துக்கொண்டிருந்தது. பீச்சாங்கை என்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு கறிக்கு நிற்கிறவர்களுக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன?

முதல் பங்கை நானே சவரிமுத்துவின் காம்பிராவுக்குக் கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். கறியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"எந்தத் தோளு?"

"எடது."

அப்போதுதான் கறியைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்து, "சட்டிய வையி" என்றான்.

அந்த வாச்சர் வேலையில்தான் துரைக்கு நல்ல பிள்ளை ஆனேன். துரையின் சொல்லில்தான் டவுனில் கடைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மிச்சத்தை வாராவாரம் படித்திருப்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சவரிமுத்து குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினான். தலவாக்கலை ஸ்டேஷனில் அவனுடைய டிரங்குப் பெட்டியை நான்தான் ஏற்றிவிட்டேன். இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. அந்த மரவள்ளிச் சரிவும் இப்போது கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு அடியில்.

டாக்டர் அரை நிமிடத்தில் சொன்னார், நான் தலையாட்டினேன். அதையே சவரிமுத்து சொன்னபோது ஒத்துக்கொள்ள, எனக்கு அவனுடைய ஒரு கால் வேண்டியிருந்தது.